மைக் ஆட்டோ போன பிறகு

மாசி மாதத்து வியாழக்கிழமை. எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கரிசல் ஊர். நிழற்குடையின் உள்சுவரில் மஞ்சள் போஸ்டர் ஒன்று ஒட்டியிருக்கிறது. இரவில்தான் ஒட்டியிருப்பார்கள்; ஓரங்களில் பசை ஈரம் காயவில்லை. ‘மாபெரும் இலவசக் கண் சிகிச்சை முகாம்’ என்பது கொட்டை எழுத்தில். அதன்கீழ் தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று வரிசையாகப் பெயர்கள். ஐந்து வட்டத்துக்குள் ஐந்து முகங்கள். நாள், இடம், நேரம் மூன்றையும் கடைசி வரியில் நெருக்கிப் போட்டிருக்கிறார்கள்.

மினி பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் அதை வாசிக்கிறார்கள். ஒருவன் வட்டத்துக்குள் இருக்கும் ஒரு முகத்தைக் காட்டி, “நம்ம உரக்கடைக்காரர்டா” என்கிறான். பஸ் வருகிறது. சிமென்ட் திண்டில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து, “தம்பி, இது கோவில்பட்டி வண்டியா?” என்று கேட்கிறார். வண்டியின் நெற்றியில் ஊர்ப்பெயர் பெரிதாகவே எழுதியிருக்கிறது. “இல்ல தாத்தா, விளாத்திகுளம்” என்று சொல்லிவிட்டுப் பையன்கள் ஏறிக்கொள்கிறார்கள். பெரியவர் மறுபடி உட்காருகிறார். முகாம் யாருக்காக நடக்கப்போகிறதோ அவருடைய முதுகுக்குப் பின்னால், ஒரு முழத் தூரத்தில் இருக்கிறது போஸ்டர். அவர் திரும்பிப் பார்த்தாலும் மஞ்சளாக ஏதோ ஒன்று தெரியும், அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு மைக் ஆட்டோ வருகிறது. முதலில் சினிமாப் பாட்டு, அப்புறம் பதிவு செய்த ஆண்குரல், மறுபடி பாட்டு. தெருவில் கேட்பதற்கு ஆள் இல்லை. பெண்களில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீசில். மீதிப் பேர் மிளகாய்ப் பறிப்புக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்விட்டார்கள். வீட்டில் இருப்பது நடக்கமாட்டாத கிழவிகளும் தொட்டில் பிள்ளைகளும். ஆட்டோ நிற்காமல் போகிறது. தேதி சொல்லும் வாக்கியம் தண்ணித்தொட்டி வளைவில் வந்து விழுகிறது. அடுத்த தெருவுக்குள் நுழையும்போது “அனைவரும் வருக, பயன்பெறுக” மட்டும் மிச்சம் இருக்கிறது. வாசலில் புளி உடைத்துக்கொண்டிருக்கும் பாட்டி தலை நிமிர்ந்து, “ஏதோ கம்பெனிக்காரன் துணி விக்க வந்திருக்கான்” என்று உள்ளே பார்த்துச் சொல்கிறாள்.

முகாம் நடத்துகிறவர்கள் நல்லவர்கள். உரக்கடைக்காரர், அச்சகக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், பருத்திக் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். போஸ்டருக்கும் ஆட்டோவுக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கும் பணம் அவர்கள் கையிலிருந்து போகிறது. லாபம் பார்க்கிற இடம் இல்லை இது. அப்படிப் போட்ட பணம் நிழற்குடைச் சுவரோடு நின்றுவிடுவதைப் பார்க்கும்போதுதான் மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

சாயங்காலம் ஆறரைக்கு ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்குகிறார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பக்கத்து டவுனில் இருக்கும் சின்னத் தொண்டு நிறுவனம் ஒன்றின் களப்பணியாளர். தோளில் துணிப்பை, அதற்குள் நீளமான கணக்கு நோட்டு ஒன்று. மைக் இல்லை, பேனர் இல்லை. அவர் வந்த நேரத்தில் ஊர் திரும்பியிருக்கிறது. குழாயடியில் குடங்கள், கடைவாசலில் ஆண்கள், கோயில் முன்னால் பிள்ளைகள்.

முதலில் பிள்ளைகளிடம்தான் போகிறார். “யார் வீட்டுத் தாத்தா பாட்டிக்குச் செருப்பு எங்க கிடக்குன்னு தெரியமாட்டேங்குது?” என்று கேட்கிறார். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. நான் நீ என்று சொல்கிறார்கள். எங்க அப்பத்தா காப்பிய டம்ளருக்கு வெளிய ஊத்திரும். எங்க தாத்தா ஆட்டுக்குட்டிய நாய்னு நினைச்சு விரட்டுவாரு. எங்க ஆச்சி என்னையத் தங்கச்சி பேரு சொல்லிக் கூப்பிடும். அவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொள்கிறார். கால் மணி நேரத்தில் பதினைந்து இருபது வீடுகள் நோட்டில் ஏறிவிடுகின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில் பிள்ளை சொன்ன காரியம். ஒரு கிராமத்தில் பார்வை மங்கியவர்கள் யார் யார் என்பதற்கு இதைவிடத் துல்லியமான கணக்கெடுப்பு எனக்குத் தெரியாது.

பிறகு அங்கன்வாடிப் பணியாளர், ரேஷன் கடைக்காரர், பால் சொசைட்டியில் அளந்து ஊற்றும் பையன். மூன்று பேரிடமும் ஒரே கேள்விதான். போன தடவை முகாமுக்குப் பேர் கொடுத்துவிட்டு வராமல் போனவர்கள் யார்? வந்தவர்களைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

நோட்டில் சில வீடுகளுக்குப் பெருக்கல் குறி போட்டிருக்கிறார். பழைய பழக்கம். போலியோ சொட்டு மருந்துக்குத் தன்னார்வலராகப் போன காலத்தில் படிந்தது. 1995 முதல் நாடு முழுக்க நடந்த அந்த வேலையில், வீடு வீடாகப் போகிறவர்கள் கதவிலோ சுவரிலோ சாக்கட்டியால் குறி போடுவார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தாகிவிட்ட வீட்டுக்கு ஒரு குறி. பிள்ளை ஊரில் இல்லாத வீட்டுக்கும், வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்கும் பெருக்கல் குறி. அந்த வீடுகளுக்குத்தான் மறுபடி மறுபடி போனார்கள். உத்தரப் பிரதேசத்தில் மருந்தைப் பற்றி வதந்தி பரவிய தெருக்களில், அதே தெருப் பெண்களையும் பள்ளிவாசல் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் ஒரு குழந்தைக்கும் காட்டுவகைப் போலியோ வரவில்லை. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. வேண்டாம் என்றவர்களின் வீட்டை மறக்காமல் குறித்துவைத்துக்கொண்ட வேலைக்கு அந்தச் சான்றில் பெரும் பங்கு உண்டு.

ஏழேகால் மணி. பெருக்கல் குறி போட்ட ஒரு வீட்டுத் திண்ணை. காலையில் நிழற்குடையில் பார்த்த பெரியவர் கயிற்றுக் கட்டிலில் இருக்கிறார். அந்தப் பெண் கட்டிலுக்குக் கீழே, படியில் உட்கார்ந்துகொள்கிறார். ஊர் எது, யார் மகள், யார் வீட்டில் சம்பந்தம் என்பதெல்லாம் முதலில் முடிகிறது. தூரத்து உறவுமுறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் கண் பேச்சு.

“இருக்கிற கண்ணு போதும் தாயி. வரப்பு தெரியுது, கஞ்சிச் சட்டி தெரியுது. இனி நான் எழுதிப் படிச்சு என்ன செய்யப்போறேன்?”

அவர் மறுத்துப் பேசவில்லை. “வரப்பு தெரிஞ்சாச் சரிதான் தாத்தா” என்கிறார். உள்ளேயிருந்து மருமகள் குரல் வருகிறது: “என்னத்தத் தெரியுது? காலையில கோவில்பட்டிக்குப் போறேன்னு போயி, ரெண்டு வண்டிய விட்டுட்டு, வெயிலோட திரும்பி வந்து படுத்துக்கிட்டாக. பென்ஷன் பணம் எடுக்கணும்னு போனது.” பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். யாரும் எதுவும் பேசவில்லை. பேசத் தோன்றும் இடத்தில் பேசாமல் இருக்கத் தெரிந்தவர் அந்தக் களப்பணியாளர். அந்த மௌனத்தை அவர் தன் பக்கத்து வாதமாக எடுத்துக்கொள்ளவில்லை. மெதுவாக மருமகள் பக்கம் திரும்பி, “மதினி, நீங்களும் வந்து உக்காருங்க” என்கிறார்.

‘தெரிகிற வரைக்கும் தெரிந்தால் போதும்’ என்ற பெரியவரின் பேச்சு இந்த ஊருக்கு மட்டும் உரியதல்ல. இதே வட்டாரத்துக் கண் மருத்துவர் ஒருவரின் கதையிலும் அது வருகிறது. எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும், அந்த விரல்களாலேயே கண் அறுவை செய்யப் பழகியவர். மதுரை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோதே, 1960களில், கிராமங்களில் கண் முகாம் நடத்தத் தொடங்கினார். 58 வயதில் ஓய்வுபெற்று 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆரம்ப ஆண்டுகளில் முகாமில் பரிசோதித்து, புரை இருக்கிறது, மதுரைக்கு வந்து அறுவை செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அறுவை இலவசம். ஆனால் சொல்லி அனுப்பியவர்களில் 15 சதவீதம் பேர்கூட வரவில்லை.

அப்போது மருத்துவமனை செய்த காரியம்தான் முகாம் வேலையில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது. இன்னும் பெரிய போஸ்டர் அடிக்காமல், வராதவர்களைத் தேடிப்போய் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். ஏறக்குறையக் கால்வாசிப் பேர் சொன்னது, இந்தப் பெரியவர் சொன்ன அதே பதில்: மங்கலாகவாவது தெரிகிறதே. இன்னொரு கால்வாசிப் பேருக்குப் பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் கட்டுப்படியாகவில்லை. வீட்டை விட்டு வர முடியாது, துணைக்கு ஆள் இல்லை என்றவர்கள் அடுத்து. அறுவைக்குப் பயந்ததாகச் சொன்னவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். ‘கிராமத்து ஜனங்களுக்குப் பயம், விழிப்புணர்வு இல்லை’ என்று டவுனில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தது பெரும்பாலும் பொய்யாகிவிட்டது. அவர்களுக்குக் கணக்கு இருந்தது. இலவசம் என்று சொன்னதில் பஸ் டிக்கெட்டும் மூன்று நாள் சோறும் அடங்கவில்லை என்பதை அவர்கள் சரியாகவே பார்த்திருந்தார்கள். அதற்குப் பிறகு முகாம் முடிந்த கையோடு மருத்துவமனை வண்டியே ஏற்றிக்கொண்டு போனது. தங்கலும் சாப்பாடும் திரும்பக் கொண்டுவந்து விடுவதும் சேர்த்து இலவசமாயின. ஒரே ஊர்க்காரர்கள் கூட்டமாகப் போனதால் துணைக்கு ஆள் என்ற கவலையும் பாதி தீர்ந்தது.

அத்தனைக்கும் பிறகும் வேலை முடிந்துவிடவில்லை. தென்னிந்தியக் கிராமங்களில் நடந்து 1999இல் வெளியான ஓர் ஆய்வில், முகாம் போட்ட ஊர்களிலேயே கண் குறை உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் முகாமுக்கு வந்திருந்தது தெரியவந்தது. மீதித் தொண்ணூற்று மூன்று பேர் வீட்டில் இருந்தார்கள். 2004 முதல் சிறு ஊர்களில் நிரந்தரமாகப் பார்வை மையங்களைத் திறந்து, கணினி வழியாக மருத்துவரிடம் காட்டும் ஏற்பாட்டுக்கு அரவிந்த் போனதன் பின்னணியில் இந்தத் தொண்ணூற்று மூன்று பேர் இருக்கிறார்கள்.

திண்ணைக்குத் திரும்புவோம். மருமகள் வந்து நிலைப்படியில் உட்கார்ந்திருக்கிறார். கையில் தீப்பெட்டி ஆபீசின் மருந்து வாடை போகவில்லை. “கூட யாரு போறது? நான் ஒரு நா போகலைன்னா சம்பளம் போச்சு. ஆடு மூணு நிக்குது. அதையும் இவுகதான் பாத்துக்கிடுதாக.”

இப்போதுதான் களப்பணியாளர் பேசுகிறார். துணைக்கு யாரும் வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டி கூட்டிப்போகும். திங்கட்கிழமை அறுவை. புதன்கிழமை சாயங்காலம், இருட்டுவதற்கு முன்னால், இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். ஆதார் நகல் ஒன்று, மாற்று வேட்டி ஒன்று போதும். சாப்பிட்டு வரும் மாத்திரை ஏதாவது இருந்தால் அதையும் கொண்டுவர வேண்டும். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனையும் இங்கேதான். போஸ்டரில் இல்லாத விஷயங்கள் இவ்வளவும். ஆட்டுக்குப் பதில் அவரிடம் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறார்: “ஆட்டுக்குத்தான் என்ன வழின்னு நீங்க சொல்லணும் மதினி. நாலு நாளு.” மருமகள் யோசித்து, எதிர்வீட்டுப் பையன் பேரைச் சொல்கிறார். தீர்வு அந்த வீட்டிலிருந்தே வருகிறது.

பெரியவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. வேறு ஏதோ இருக்கிறது. களப்பணியாளர் அவரை விட்டுவிட்டு எழுந்து போய், இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஒரு அம்மாவைக் கூட்டிவருகிறார். போன வருஷம் அறுவை செய்துகொண்டவர். வந்தவர் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்து, தானாகவே ஆரம்பிக்கிறார்.

“மாமா, சோறு நல்லாப் போட்டாக. காலையில இட்லி. ஊசி போட்டது எறும்பு கடிச்ச மாதிரி. மத்ததெல்லாம் தெரியவே இல்ல. ராத்திரி ஒண்ணுக்குப் போகணும்னா ஒரு பிள்ள வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு. வெளிய நின்னு, திரும்பக் கட்டில்ல கொண்டாந்து விட்டுச்சு. ஆம்பளைகளுக்குத் தனியா ஆம்பளப் பிள்ளைக நிக்குது.”

பெரியவர் தலையை நிமிர்த்துகிறார். “கட்டுப் போட்ட கண்ணோட எப்படி எந்திரிச்சுப் போறதுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்கிறார். போன தடவை பேர் கொடுத்துவிட்டு வராமல் போனதன் காரணம் அதுதான். மருமகள் முன்னால் சொல்லக் கூச்சம், மகனிடம் சொல்லக் கூச்சம், வெளியூர்ப் பெண்ணிடம் சொல்ல வழியே இல்லை. எந்த நோட்டீசும் இந்தக் கேள்விக்குப் பதில் அச்சடித்ததில்லை. போய்வந்தவர் ஒருவர், யாரும் கேட்காமலே, தனக்கு இருந்த அதே பயத்தை நினைவில் வைத்து அதைச் சொல்கிறார். கண் திறந்ததும் என்ன தெரிந்தது என்பதைக் கடைசியில்தான் சொல்கிறார்: “அரிசியில கல்லு தெரியுது மாமா. இப்ப நாந்தான் பொடைக்கேன்.”

அந்த இரவு களப்பணியாளர் பதினொரு வீடுகளுக்குப் போகிறார். சில வீடுகளில் இரண்டு நிமிஷம், ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஒன்பது மணிக்கே கூட்டம். பேனர், மேசை, தண்ணீர் கேன், காப்பிப் பாத்திரம். கல்லூரி என்.எஸ்.எஸ். பிள்ளைகள் பதிவு மேசையில் இருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் வகுப்பறைகள் ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு மாறுகின்றன. ஒன்றில் பார்வை அளவு, ஒன்றில் கண் அழுத்தமும் கண்ணீர்ப்பை சோதனையும், ஒன்றில் மருத்துவர், கடைசியில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும். கண்ணாடிக்குத் தனி மேசை.

பார்வை அளக்கும் அறையில் ஆங்கில E எழுத்து நான்கு திசையும் பார்த்தபடி இருக்கும் அட்டை தொங்குகிறது. எழுத்துத் தெரியாதவர்களுக்கானது, கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும். ஒரு பாட்டி முன்னால் உட்கார்ந்ததுமே, “எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா” என்று எழுந்துவிடுகிறார். அட்டையைக் காட்டும் பையன், “படிக்க வேணாம் பாட்டி, டைரக்‌ஷன் சொல்லுங்க, டைரக்‌ஷன்” என்று சத்தத்தைக் கூட்டுகிறான். பாட்டி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே பார்க்கிறார். இத்தனை பேர் முன்னால் படிக்காதவள் என்று ஆகிவிட்ட கூச்சம். இன்னும் அரை நிமிஷம் போனால் வீட்டுக்குப் போய்விடுவார். பக்கத்தில் நின்ற மாணவி ஒருத்தி வந்து பாட்டியின் கையை எடுத்து, மூன்று விரலை மட்டும் நீட்டிவைத்து, “இந்த மூணு விரலு மாதிரி அங்க ஒண்ணு இருக்கு பாட்டி. அது எந்தப் பக்கம் நீட்டுதோ அந்தப் பக்கம் நீங்களும் நீட்டுங்க” என்கிறாள். பாட்டியின் விரல்கள் மேலே, கீழே, இடது என்று போகின்றன. நான்காவது வரிசையில் நின்றுவிடுகின்றன. அந்தப் பெண்ணுக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் சொல்லிக்கொடுக்க முடிகிற காரியம்தான் இது. முகாமுக்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் எல்லாத் தன்னார்வலருக்கும் வந்துவிடும்.

பதினொன்றரைக்கு போட்டோக்காரர் வருகிறார். அறுவைக்குத் தேர்வானவர்களை பேனர் முன்னால் வரிசையாக நிறுத்த வேண்டும் என்கிறார். அடுத்த ஆண்டு நன்கொடை கேட்கும் கையேட்டுக்குப் படம் தேவை. அது உண்மையான தேவையும்கூட. பணம் கொடுத்தவர்களுக்கு என்ன நடந்தது என்று காட்டத்தான் வேண்டும். களப்பணியாளர் வரிசைக்கு முன்னால் வந்து நின்று, “படம் எடுத்து புஸ்தகத்துல போடுவாங்க, ஊருல எல்லாரும் பாப்பாங்க. இஷ்டமில்லாதவங்க இந்த மரத்தடிக்கு வந்துருங்க. வைத்தியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல” என்கிறார். பாதிப்பேர் நகர்ந்துவிடுகிறார்கள். கேட்டிருக்காவிட்டால் அத்தனை பேரும் நின்றிருப்பார்கள். இலவசமாக வைத்தியம் பார்க்கிற இடத்தில் மாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? கட்டுப்போட்ட கண்களும் குழிந்த கன்னங்களுமாக அச்சாகிற ஆண்டறிக்கைகளைப் பார்க்கும்போதெல்லாம், இந்த முகத்துக்குச் சொந்தக்காரரிடம் யாராவது கேட்டார்களா என்றுதான் எனக்குத் தோன்றும். நின்ற பாதிப்பேரின் படம் போதும். அதில் அவர்கள் சிரிக்கிறார்கள்.

ஒரு பாட்டியின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவனைக் கேட்காமல் வண்டியில் ஏறமாட்டேன் என்று பாட்டி பிடிவாதம். ஆலோசனை சொல்லும் மேசையில் இருக்கும் பெண் தன் செல்போனிலேயே அவனைக் கூப்பிட்டு, முதலில் தன் பெயரையும் மருத்துவமனையின் எண்ணையும் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்கிறாள். “சந்தேகம்னா இந்த நம்பருக்கு நீங்களே அடிச்சுக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்கண்ணே.” பத்து நிமிஷத்தில் அவன் கூப்பிடுகிறான். பாட்டி பையை எடுத்துக்கொள்கிறார்.

பெரியவர் வந்திருக்கிறார். வெள்ளை வேட்டி, மஞ்சள் பையில் மாற்று வேட்டி. மருமகளும் கூட வந்திருக்கிறார். மூன்று அறைகளைத் தாண்டி நான்காவதில் நிற்கிறார். ரத்த அழுத்தம் மிக அதிகம். சற்று உட்காரவைத்து மறுபடி அளக்கிறார்கள். குறையவில்லை. “பிரஷர் இருக்கு தாத்தா, இப்ப ஆபரேஷன் பண்ண முடியாது. அடுத்த கேம்ப்புக்கு வாங்க. அடுத்தவங்க!” என்கிறது ஒரு குரல். சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. வரிசையில் எண்பது பேர் நிற்கிறார்கள். பெரியவர் எழுந்து, செருப்பைக் காலால் தடவித் தேடி மாட்டிக்கொண்டு, வேப்பமரத்தைத் தாண்டி வாசலுக்கு நடக்கிறார்.

ஒரு முகாமின் பெயர் ஊரில் இந்த இடத்தில்தான் முடிவாகிறது. வியாழக்கிழமை இரவு ஒரு மணி நேரம் பேசிச் சம்மதிக்கவைத்த மனிதர், ஞாயிறு மத்தியானம் திருப்பி அனுப்பப்படுகிறார். இன்று சாயங்காலம் கடைவாசலில் அவர் சொல்லப்போவது என்ன? ‘என் கண்ணு தேறாதுன்னு சொல்லிட்டாங்க.’ அதைக் கேட்ட நான்கு பேர் அடுத்த முகாமுக்கு வரமாட்டார்கள். களப்பணியாளருக்கு இது தெரியும். வண்டிக்கான பட்டியலைப் பாதியில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவருகிறார். பெரியவரை நிறுத்தி, மருமகளையும் கூப்பிட்டு, மதில் நிழலில் உட்காரவைக்கிறார்.

“தாத்தா, கண்ணு நல்லாகுற கண்ணுதான். டாக்டர் எழுதியிருக்காரு பாருங்க. ரத்த ஓட்டம் வேகமா இருக்கும்போது கண்ணுல கத்தி வச்சா ஆபத்து. உங்கள விட்டுட்டுப் போகல, உங்களுக்காகத்தான் தள்ளி வச்சிருக்கு.” பிறகு மருமகளிடம்: “மதினி, நாளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டி மாத்திரை வாங்கிருங்க. அங்க பதிஞ்சுட்டா மாசாமாசம் வீட்டுக்கே கொண்டாந்து கொடுப்பாங்க.” 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் பெண் பணியாளரைத்தான் சொல்கிறார். அந்தப் பணியாளரின் எண் அவரிடம் இருக்கிறது. அங்கேயே கூப்பிட்டுப் பெரியவரின் பெயரைச் சொல்கிறார். அடுத்த முகாம் எந்த ஊரில், என்றைக்கு என்பதை ஒரு தாளில் பெரிதாக எழுதி மருமகள் கையில் கொடுக்கிறார். சொன்னதெல்லாம் புரிந்ததா என்று அவர் கேட்கவில்லை. “வீட்டுல அண்ணன் கேட்டா என்ன சொல்லுவீங்க மதினி?” என்கிறார். மருமகள் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறார். ஒரு இடத்தில் தவறுகிறார்: மாத்திரையைப் பத்து நாள் சாப்பிட்டால் போதும் என்று. அது திருத்தப்படுகிறது.

நான்கரைக்கு வண்டி கிளம்புகிறது. அதன்பிறகு களப்பணியாளர் வகுப்பறை பெஞ்சில் உட்கார்ந்து முகாம் அறிக்கைப் படிவத்தை நிரப்புகிறார். நோட்டீஸ் எத்தனை, போஸ்டர் எத்தனை, ஆட்டோ எத்தனை கிலோமீட்டர் ஓடியது, பதிவானவர், அறுவைக்குத் தேர்வானவர், கண்ணாடி பெற்றவர். எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. பேர் கொடுத்துவிட்டு வராதவர்களுக்கும், வந்தும் திரும்பிப் போனவர்களுக்கும், அதற்கான காரணத்துக்கும் கட்டம் இல்லை. அவர் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதுகிறார். ‘சாவு வீடு.’ ‘மகள் பிரசவம்.’ ‘போன் நம்பர் கொடுக்கப் பயம்.’ ‘முகாம் ஞாயிறு என்பதே தெரியாது.’ கடைசிக் காரணத்தை மூன்று பேருக்கு எழுதுகிறார். அந்தப் பின்பக்கத்தை மேலே யாராவது படிக்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த முகாமின் நோட்டீஸ் மாறும், மாறாமல் போகும்.

புதன்கிழமை சாயங்காலம் சொன்ன நேரத்துக்கு வண்டி வந்துவிடுகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள் ஒருவர்பின் ஒருவராக இறங்குகிறார்கள். சொட்டு மருந்து எத்தனை வேளை, தலைக்குக் குளிக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்பதை மறுபடி ஒருமுறை, இறங்கினவர்களிடமும் கூட்டிப்போக வந்தவர்களிடமும் சேர்த்தே களப்பணியாளர் சொல்கிறார்.

அங்கிருந்து நேராக உரக்கடை. கடைக்காரர் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். நாற்காலி இழுத்துப்போட்டு, காப்பி சொல்கிறார். அந்தப் பெண் படிவத்தின் பின்பக்கத்தை அவர் முன்னால் வைக்கிறார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல்வைத்துப் படிக்கிறார். மூன்று வரியில் விரல் நின்று போகிறது.

“தேதிய மேல போடச் சொல்லுதீகளா?”

“தேதி, கிழமை, பள்ளிக்கூடம் இது மூணும் மேல அண்ணாச்சி. திரும்பி வர்ற நாளு, வண்டி, சோறு, துணைக்கு ஆளு வேண்டாம்ங்கிறது, ஒரு போன் நம்பரு. இவ்வளவும் முன்பக்கம் வரணும்.”

“அப்ப பேருக? காசு கொடுக்கிற ஆளுகளுக்கு ஒரு மரியாதை வேணுமில்ல.”

“கண்டிப்பா வேணும். முகாமன்னைக்கு பேனர்ல போடுவோம். எல்லாரும் பாக்குற இடம் அதுதான்.”

அவர் யோசிக்கிறார். ஐந்து முகங்களில் ஒன்று அவருடையது. காப்பி வருகிறது. பாதி குடித்த பிறகு, “வாத்தியார்கிட்ட நான் பேசிக்கிடுதேன். மண்டிக்காரர்தான் கொஞ்சம் வருத்தப்படுவாரு” என்கிறார்.

“போஸ்டரப் பாதியாக் குறைச்சுக்கிடலாம் அண்ணாச்சி. அந்தக் காசுல ஆட்டோவ ராத்திரி ஏழு மணிக்கு மேல விடுங்க. தெருவுக்குத் தெரு நிப்பாட்டி, ஒரு தடவ முழுசாச் சொல்லிட்டு அப்புறம் நகரட்டும். பாட்டு வேண்டாம்.”

உரக்கடைக்காரர் செல்போனை எடுத்து ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, ராத்திரி வாடகை எவ்வளவு என்று விசாரிக்கிறார்.